கல்வட்டத்தில் எஞ்சிய எலும்புகள்

கல்வட்டம் என்பது ஒரு புதைகுழியின் வெளியே தெரியும் விளிம்பு. தமிழ்நாட்டின் மேட்டுநிலங்களில், ஏர் ஏறாத சரளைத் தரைகளில், முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ உள்ள முண்டுப் பாறைகள் வட்டமாக நிற்பதை இன்றும் காணலாம். நடுவில் கல்லும் மண்ணும் குவிந்து லேசாக மேடுதட்டியிருக்கும். வட்டத்தின் குறுக்களவு சில மீட்டரிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் வரை போகும். ஒரே ஒரு வட்டம் தனித்து நிற்பது அரிது. பத்து, ஐம்பது, சில இடங்களில் நூற்றுக்கணக்கில் என்று கூட்டமாகவே இருக்கும். அவ்வளவு பேரைப் புதைத்த மக்களின் ஊர் அருகில்தான் இருந்திருக்க வேண்டும்; ஆனால் பல இடங்களில் ஊர் அகப்படவில்லை, இடுகாடு மட்டும் நிற்கிறது.

தொல்லியலில் இக்காலத்துக்குப் பெருங்கற்காலம் என்று பெயர். தென்னிந்தியாவில் இது இரும்புக் காலத்தோடு ஒட்டியது. அதன் தொடக்கம் எழுத்துக்கு முந்தையது. அதன் கடைசி நூற்றாண்டுகளிலோ தமிழி எழுத்துப் பொறித்த பானைகளும் புதைகுழிக்குள் வந்துவிடுகின்றன. ஆகவே கல்வட்டம் முழுக்க முழுக்க வரலாற்றுக்கு முந்தைய பொருள் அன்று. வரலாற்றின் வாசல் வரை வந்து நின்ற வழக்கம் அது.

வட்டத்தின் உள்ளே இருப்பது வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். புதுக்கோட்டைப் பக்கமும் கொங்கு நாட்டிலும் பெரும்பாலும் கற்பதுக்கை. முதலில் குழி வெட்டி, அதில் நான்கு பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை ஏற்றி அறையாக்குவார்கள். நான்கு பலகைகளும் மூலைக்கு மூலை சரியாக முடிவதில்லை. ஒவ்வொன்றின் ஒரு முனையும் அடுத்ததைத் தாண்டி நீண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சுவஸ்திக வடிவம் தெரியும். இது அழகுக்காகச் செய்த வேலை இல்லை. சுற்றியுள்ள மண் உள்நோக்கி அழுத்தும்போது ஒரு பலகை இன்னொன்றின் மேல் சாய்ந்து பூட்டிக்கொள்ளும், அறை உள்ளே சரியாது. சாந்தோ ஆணியோ இல்லாமல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பல பதுக்கைகள் நிற்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். வெளியே நிற்கும் வட்டக் கற்களுக்கும் இப்படி ஒரு நடைமுறைப் பயன் உண்டு. அறையின் மேல் குவித்த கல்லும் மண்ணும் மழையில் கரைந்து ஓடாமல் அவை அணைகட்டி நிறுத்துகின்றன. ஆய்வுக்கு வருபவர்கள் வட்டத்தின் பொருளைத் தேடி வானத்தைப் பார்ப்பதுண்டு. முதலில் மழைநீரைப் பார்ப்பது நல்லது.

பல பதுக்கைகளில் ஒரு பக்கப் பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பலகையில், வட்டமாக ஒரு துளை வெட்டியிருப்பார்கள். இதை இடுதுளை என்பர். கருங்கல்லில் உலோக உளி கொண்டு ஒரு துளையை உருட்டி எடுப்பது பல நாள் வேலை. அறையை மூடிய பிறகும் பின்னால் இறந்தவர்களின் எலும்புகளையோ படையலையோ உள்ளே வைப்பதற்கான வழி அது என்பது பொதுவான விளக்கம். உயிர் வந்துபோகும் வாசல் என்பாரும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

வட தமிழ்நாட்டில், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில், கல்லறைக்குப் பதிலாக ஈமப்பேழை கிடைக்கிறது. சுட்ட மண்ணால் ஆன நீண்ட தொட்டி அது. அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள் இருக்கும். சென்னை விமான நிலையத்தை ஒட்டிய பல்லாவரம் குன்றுப் பகுதியில் 1880களிலேயே அலெக்சாண்டர் ரே இப்படிப்பட்ட பேழைகளைக் கண்டெடுத்தார். மதுராந்தகத்தை அடுத்த சானூரில் 1950, 1952 ஆண்டுகளில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டிய கல்வட்டங்களிலும் பேழைகள் இருந்தன. தெற்கே தாமிரபரணிக் கரையில் வட்டமே இல்லாமல் முதுமக்கள் தாழிகள் நெருக்கமாகப் புதைந்து கிடக்கின்றன. கேரளத்தில் குடைக்கல்லும் தொப்பிக்கல்லும். நீலகிரி மலைமேல் கற்சுவர் கட்டிய வட்டங்கள். உள்ளே, எருமையும் ஆளும் குதிரையும் மூடியில் உட்கார்ந்திருக்கும் மண்கலங்கள். நீலகிரி ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் இவற்றைத் தோண்டி எழுதிய நூல் அவர் இறந்த பிறகு 1873இல் வெளிவந்தது. இவ்வளவு வகைகளையும் ஒழுங்குபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் இன்ன பெயர் என்று வரையறுத்த பணியை 1949இல் வி. டி. கிருஷ்ணசாமி செய்து முடித்தார். அதற்கு முன் ஒரே சின்னத்தை ஆளுக்கொரு பெயரில் அழைத்து வந்தார்கள்.

ஊர்மக்கள் சூட்டிய பெயர்கள் அவற்றுக்கும் மூத்தவை. பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு, குரங்குப்பட்டடை என்று இடத்துக்கு ஒன்று. வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடம் என்பார்கள். வானத்திலிருந்து தீமழை பொழிந்தபோது குள்ள மனிதர்கள் ஒளிந்த வீடுகள் என்பார்கள். 1823இல் அச்சான ஜே. பாபிங்டனின் கட்டுரை, தென்னிந்தியப் பெருங்கற்சின்னங்களைப் பற்றிய முதல் அச்சுக் குறிப்பு, மலபாரில் வழங்கிய பாண்டுக்குழி என்ற பெயரையே தலைப்பில் கொண்டது.

இத்தனை பாடுபட்டுக் கட்டிய அறைக்குள் ஆளைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தோண்டுபவர் டன் கணக்கில் எடையுள்ள மூடுகல்லை நகர்த்தி, மண்ணை அடுக்கடுக்காக எடுத்து, தரைக் கல்லை எட்டும்போது கிடைப்பது சில கைப்பிடி எலும்புத் துண்டுகள். மண்டையோட்டின் ஒரு சில்லு, தொடை எலும்பின் ஒரு பகுதி, பற்கள். கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் பத்துச் சின்னங்களைத் தோண்டினார். ஒரே பதுக்கைக்குள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கலந்து கிடந்தன. முழு எலும்புக்கூடு இல்லை.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அந்த மக்களின் வழக்கம். இறந்த உடலை நேராகக் கல்லறைக்குக் கொண்டுவராமல், வெட்டவெளியில் விட்டோ வேறிடத்தில் தற்காலிகமாகப் புதைத்தோ தசை நீங்கிய பிறகு, எலும்புகளில் சிலவற்றை மட்டும் பொறுக்கி வந்து அடக்கம் செய்தார்கள். இதை இரண்டாம் நிலை அடக்கம் என்பர். உடலை வெளியே இடுதல், சுடுதல், குழிதோண்டிப் புதைத்தல், கீழறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் ஆகிய ஐந்து முறைகளை மணிமேகலை அடுக்கிச் சொல்கிறது. ஒரே நகரின் புறத்தே இந்த ஐந்தும் நடந்ததாக அந்தக் காப்பியம் காட்டுவதால், கல்வட்டம் எல்லோருக்குமான முடிவாக இருந்திருக்க முடியாது என்று கொள்ளலாம். அதைக் கட்டத் தேவைப்பட்ட ஆள்பலத்தை நினைத்தாலும் அதே முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

இரண்டாவது காரணம் மண். இறந்தவரைக் காப்பது கல்லின் கனம் இல்லை. சுற்றியுள்ள மண்ணின் வேதியியல்தான். எலும்பின் கெட்டித்தன்மைக்குக் காரணம் சுண்ணாம்பும் பாஸ்பரசும் சேர்ந்த கனிமம். அமிலத் தன்மையுள்ள மண்ணில் மழைநீர் இறங்க இறங்க அது கரைந்துபோகும். கருங்கல் சிதைந்து உண்டான சரளை மண்ணும் மேற்குக் கரையின் செம்பாறை மண்ணும் இந்த வகை. ஆறு பக்கமும் கல் அடைத்தாலும் மழைநீர் உள்ளே வரத்தான் செய்யும். நூறு பேர் சேர்ந்து தூக்கிவைத்த மூடுகல்லால் தடுக்க முடியாத காரியம் அது. தாழிகளில் நிலைமை கொஞ்சம் மேல். மூடி கெட்டியாக அமைந்து மண் உள்ளே புகாத தாழிகளில் முழு மண்டையோடு கூடக் கிடைத்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் 2004இலும் 2005இலும் தி. சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வில் 160க்கும் மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. பலவற்றில் எலும்புக்கூடுகள் இருந்தன.

மண் என்ன செய்யும் என்பதற்கு மிகத் தெளிவான எதிர்ச்சான்று பினாங்கில் இருக்கிறது. பினாங்கு மாநிலத்தில் கல்வட்டம் கிடையாது. ஆனால் செபராங் பிறையின் வடகோடியில், கெப்பாலா பத்தாசை அடுத்து, கெடா எல்லையாக ஓடும் மூடா ஆற்றுக்குத் தெற்கே குவார் கெப்பா என்ற கம்பம் உள்ளது. அங்கே கல் அடுக்காமல், சிப்பி ஓடுகளுக்கிடையே இறந்தவர்களைப் புதைத்திருக்கிறார்கள். புதிய கற்காலத்தைச் சேர்ந்த, சிப்பியும் மட்டியும் தின்று போட்ட ஓடுகள் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து உண்டான மூன்று மேடுகள் அவை. இன்று கடற்கரையிலிருந்து அந்த இடம் உள்ளே தள்ளியிருக்கிறது. ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இப்போதைவிடச் சில மீட்டர் உயரம்; செபராங் பிறையின் நெல்வயல்களில் பெரும்பகுதி அப்போது அலையும் சேறும் கண்டல் காடுமாக இருந்த நிலம்.

இந்த மேடுகளை 1860இல் முதலில் எழுத்தில் பதிந்தவர் ஜார்ஜ் விண்ட்சர் ஏர்ல். கிழக்கிந்தியத் தீவுகளின் மக்களுக்குப் பொதுப்பெயர் தேடி, பின்னாளில் இந்தோனேசியா என்று நிலைத்த சொல்லின் முதல் வடிவத்தை 1850இல் உருவாக்கியவரும் இவரே. ஜார்ஜ் டவுனின் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. மேட்டிலிருந்து எடுத்த மனித எலும்புகளை அவர் இலண்டனுக்கு அனுப்பினார். டார்வினின் நண்பரான தாமஸ் ஹக்ஸ்லி அவற்றை ஆராய்ந்து எழுதிய குறிப்பு, ஏர்லின் கட்டுரையோடு 1863இல் இலண்டன் இனவியல் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. தமிழ்நாட்டுக் கல்வட்டங்களைப் பற்றி முறையான நூல் எதுவும் வராத காலத்தில், பினாங்கு எலும்புகளைப் பற்றிய பேச்சு இலண்டன் வரை போய்விட்டது.

1934இல் டச்சுத் தொல்லியலாளர் பி. வி. வான் ஸ்டைன் காலன்ஃபெல்ஸ் மூன்று மேடுகளையும் தோண்டினார். அதற்குள் மேடுகளின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. வீடு கட்டும் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் ஓடுகளை அள்ளிச் சென்றிருந்தார்கள். எஞ்சிய அடிப்பகுதியிலிருந்தே 41 பேரின் எலும்புகள் கிடைத்தன. கூடவே கொத்தியும் தீட்டியும் செய்த கற்கோடரிகள், பானை ஓடுகள், செங்காவி அரைத்த கற்கள். எலும்புகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போயின. அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்ற குரல் பினாங்கில் பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது.

பின்னர் 2017 ஏப்ரலில், குவார் கெப்பாவில் தொல்லியல் காட்சியகம் கட்டும் பணி நடக்கும்போது இன்னொரு எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். கைகளை மடித்த நிலையில், சிப்பிகளும் கற்கருவிகளும் பானைத் துண்டுகளும் சூழக் கிடத்தப்பட்ட ஒரு பெண். சுற்றியிருந்த சிப்பிகளைக் கொண்டு கணித்த வயது ஏறத்தாழ 5,700 ஆண்டுகள். ‘பினாங்குப் பெண்’ என்று பெயர் வைத்தார்கள். கல்வட்டங்களில் பெரும்பாலானவற்றைவிட இரு மடங்கு பழமை. ஆனால் எலும்புகள் அவற்றைவிட முழுமை. காரணம் ஓடுகள்தான். கிளிஞ்சல் ஓடு முழுவதும் சுண்ணாம்பு. மேட்டின் வழியாக வடியும் மழைநீர் முதலில் ஓட்டைக் கரைத்துத் தன் அமிலத்தை இழந்துவிடுகிறது, எலும்பைத் தொடும்போது அதற்கு வீரியம் இருப்பதில்லை. யாரும் திட்டமிட்டுச் செய்த பாதுகாப்பு இல்லை இது. தின்று எறிந்த எச்சம் செய்த உதவி.

பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கும் இதையே சொல்கிறது. குனோங் ருந்து குகையில் 1991இல் சுராய்னா மஜீது குழுவினர் கண்ட ‘பேராக் மனிதன்’ பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவன். கால்களை மடக்கிக் கருவில் இருக்கும் குழந்தையின் நிலையில் கிடத்தி, நத்தை ஓடுகளையும் இறைச்சியையும் வைத்துப் புதைத்திருந்தார்கள். இடது கையின் விரல்கள் பிறவியிலேயே குறைபட்டிருந்தன என்பது வரை எலும்பிலிருந்து தெரிந்துகொள்ள முடிந்தது. சுண்ணாம்புக்கல் குகை அது. அதே பேராக்கின் தெற்கே, சுங்கை பெர்ணம், சிலிம் வட்டாரங்களில், கல்வட்டத்துக்கு மிக நெருங்கிய மலேசிய உறவுகள் இருக்கின்றன. கருங்கல் பலகைகளைப் பெட்டியாக நிறுத்திக் கட்டிய புதைகுழிகள். சுற்றிலும் வட்டம் மட்டும் இல்லை. ஐவர் எவன்ஸ் 1920களின் கடைசியில் அவற்றைத் தோண்டி எழுதினார். இரும்புக் கருவிகள், பானைகள், சூதுபவளமணிகள், கண்ணாடி மணிகள் கிடைத்தன. எலும்புதான் நிலைக்கவில்லை. பெயர்வைத்துப் பேசும் அளவுக்கு ஓர் ஆள்கூட அவற்றில் எஞ்சவில்லை. கல்லறை கட்டியவர்கள் மறைந்துபோக, கட்டாதவன் இருக்கிறான்.

ஆகவே கல்வட்டத்தைப் படிப்பது என்பது பெரும்பாலும் இறந்தவரோடு வைத்த பொருள்களைப் படிப்பதே. முதலில் வருவது கருப்பு-சிவப்புப் பானை. உட்புறமும் வாய்விளிம்பும் கருப்பு, வெளிப்புறம் சிவப்பு. பானையைக் கவிழ்த்துவைத்துச் சுடும்போது உள்ளே காற்றுப் புகாமல் கரி ஏறிக் கருக்கிறது. காற்றுப்படும் வெளிப்புறம் சிவக்கிறது. கருப்பு-சிவப்புப் பானையும் இரும்பும் சேர்ந்து கிடைத்தால் அது பெருங்கற்காலப் புதைகுழி என்று அடையாளம் காண்பது ஏறக்குறைய உறுதி. வாள், ஈட்டிமுனை, கோடரி, அரிவாள், குதிரைக் கடிவாளத்தின் இரும்புப் பகுதி என இரும்பின் வகை நிறைய. நான்கு கால் வைத்த சாடிகளும் அவற்றைத் தாங்கும் பிரிமனைகளும் வரும்.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் வடகரையில் உள்ள கொடுமணல், ஊரும் இடுகாடும் சேர்ந்தே கிடைத்த அரிய இடம். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று புகழும் ஊர் இதுவே என்பர். 1985 முதல் கா. ராஜன் உள்ளிட்டோர் பல கட்டங்களாக இங்கே தோண்டினார்கள். ஊர்ப்பகுதியில் இரும்பு உருக்கிய உலைகளும், மணி துளைத்த பட்டறைகளின் எச்சங்களும், பாதி முடிந்த மணிகளும், ஆட்பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. பச்சைக்கல் பக்கத்துப் படியூரில் கிடைத்திருக்கிறது. சூதுபவளத்தின் மூலக்கல்லோ குஜராத்திலிருந்து வந்திருக்க வேண்டும். இடுகாட்டில் ஒரே ஒரு புதைகுழியில் 2,220 சூதுபவளமணிகள். அடுத்தடுத்த வட்டங்களில் சில பானைகளைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த வேறுபாடு கண்ணில் அறைகிறது. வெளியே எல்லா வட்டங்களும் ஏறத்தாழ ஒரே தோற்றம், ஏற்றத்தாழ்வு மண்ணுக்குள்ளே.

பழநி மலையடிவாரத்துப் பொருந்தலில் 2009, 2010 ஆண்டுகளில் ராஜன் தோண்டிய பதுக்கை ஒன்றில், நான்கு கால் சாடிக்குள் இரண்டு கிலோ அளவுக்கு நெல் இருந்தது. பிரிமனையில் தமிழியில் ஒரு பெயர் கீறியிருந்தது. நெல்லின் காலம் கி.மு. 490 என்று அமெரிக்க ஆய்வுக்கூடம் கணித்ததும், எழுத்தின் வயதைப் பற்றிய வாதம் சூடுபிடித்தது. எலும்பு சொல்லாததை நெல் சொன்னது. காலக் கணிப்புக்குக் கரியும் தானியமுமே எலும்பைவிட நம்பகமான சாட்சிகள். சூடான நாட்டில் எலும்பிலுள்ள புரதம் விரைவில் அழிந்துவிடுவதால் அதைக் கொண்டு வயது காண்பதும் மரபணு எடுப்பதும் கடினம்.

காலம் பற்றிய கருத்து முக்கால் நூற்றாண்டில் தலைகீழாக மாறிவிட்டது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ரோமானியப் பானைகளை அளவுகோலாகக் கண்டுபிடித்த வீலர், அதை வைத்துப் பிரம்மகிரிக் கல்வட்டங்களை கி.மு. 200க்குப் பிற்பட்டவை என்று மதிப்பிட்டார். கரிம ஆய்வு அப்போது வந்திருக்கவில்லை; வந்தபின் ஒவ்வொரு அகழாய்வும் காலத்தைப் பின்னால் தள்ளியது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் இரும்புக்கு கி.மு. 2172 என்ற காலத்தை 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைத் தாழிகளுக்கு கி.மு. மூன்றாயிரத்தை ஒட்டிய காலங்களும், வந்தவாசிப் பக்கத்துக் கீழ்நமண்டி ஈமப்பேழைக்கு கி.மு. 1692ம் தரப்பட்டன. இவற்றுள் சிவகளைக் கணிப்பை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஏற்றுவிடவில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத பழமையை ஒரே இடத்தின் கரித்துண்டுகளைக் கொண்டு நிறுவ முடியாது, இன்னும் பல இடங்களின் சான்று வேண்டும் என்று அவர்கள் கேட்பது நியாயமே. வீலரின் காலம் திரும்பி வராது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

சங்கப் பாடல்கள் இந்த வழக்கங்கள் உயிரோடு இருந்த காலத்தை எட்டிப் பிடிக்கின்றன. குயவனை விளித்துப் பெரிய தாழி வனையச் சொல்லும் பாடல்கள் புறநானூற்றில் உண்டு. பாலை வழியில் ஆறலைகள்வர் அம்புக்கு இரையானவர்கள் மேல் கல் குவித்த பதுக்கைகளை அகநானூறு பேசுகிறது. ஆனால் ஆள் உயரக் கற்களை வட்டமாக நிறுத்திய பெரிய இடுகாடுகள் புலவர்களுக்கு ஏற்கெனவே பழைய காட்சியாகிவிட்டதாகத் தோன்றுகிறது. அவர்கள் அதிகம் பாடுவது பெயரும் பீடும் எழுதிய நடுகல்லை.

இலங்கையிலும் இதே பண்பாட்டின் சுவடுகள் உள்ளன. மேற்குக் கரையில் பொம்பரிப்பில் தாழிகள். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் கற்பதுக்கைகள். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980இல் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு நீட்டிக் கிடத்தப்பட்ட எலும்புக்கூடுகளையும் எழுத்துப் பொறித்த ஒரு முத்திரையையும் கண்டது. சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த நாடு யாழ்ப்பாணம் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

கல்லை வட்டமாக நிறுத்திப் புதைப்பது தென்னாசியாவுக்கு மட்டும் உரியதும் இல்லை. காம்பியா, செனகல் நாடுகளில் காம்பியா ஆற்றை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வட்டங்களும் சார்ந்த சின்னங்களும் உள்ளன. அவற்றுள் நான்கு தொகுதிகள் 2006இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச், தொடக்கத்தில், சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன், ஓர் இடுகாடு. வட்டமாக வெட்டிய 56 குழிகளில் பலவற்றிலும் அவற்றை ஒட்டிய இடங்களிலும் கிடந்த எரித்த எலும்புகள் 1920களில் எடுக்கப்பட்டன. எந்த அருங்காட்சியகமும் ஏற்க முன்வராததால் 1935இல் அவற்றை மொத்தமாக ஒரே குழியில் திருப்பிப் புதைத்துவிட்டார்கள். பல ஆட்களின் எலும்புகள் ஒன்றாகக் கலந்துபோன அந்தக் குவியலை 2008இல் மீண்டும் தோண்டி எடுத்துப் பிரிக்கவேண்டி வந்தது. மெடோஸ் டெய்லர் போன்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள், தக்காணத்துக் கல்வட்டங்களும் தங்கள் நாட்டு வட்டங்களும் ஒரே இனத்தார் கட்டியவை என்று நம்பினார்கள். இடையே இரண்டாயிரம் ஆண்டும் ஒரு கண்டமும் இருப்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. கல் கிடைக்கும் இடத்தில் குவியலைச் சுற்றி விளிம்பு கட்டுவது யாருக்கும் தோன்றக்கூடிய வழிதான்.

இந்தச் சின்னங்களை இன்று அழிப்பது மண்ணின் அமிலம் இல்லை. குவார் கெப்பாவின் ஓடுகள் சூளைக்குப் போனதைப் போல, கல்வட்டங்களின் கற்கள் சாலைக்கும் வேலிக்கும் அத்திவாரத்துக்கும் போகின்றன. தோட்டம் திருத்துபவருக்கு அவை இடைஞ்சல். கல்குவாரிக்குத் தயாராகக் கிடக்கும் சரக்கு. புதையல் தேடி இரவில் குழி தோண்டிவிட்டுப் போகிறவர்கள் வேறு. அவர்கள் உடைத்துப் போடும் பானையில்தான் நெல்லும் கரியும் இருந்திருக்கும். சென்னையைச் சுற்றியுள்ள பல இடுகாடுகள் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தும், நகரம் விரிய விரியச் சுருங்கி வருகின்றன. வெளிநாட்டுக்குப் போன எலும்புகளின் கதை லெய்டனோடு முடியவில்லை. ஆதிச்சநல்லூரை 1876இல் முதலில் தோண்டிய ஜெர்மானியர் ஃபெடோர் யாகோர், கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார்.

எலும்பு கிடைத்த இடங்களில் இப்போது முகம் வரைகிறார்கள். பினாங்குப் பெண்ணின் மண்டையோட்டை ஊடுகதிர்க் கருவியில் பதிந்து, உடைந்த பகுதிகளைக் கணினியில் ஈடுகட்டி, மலேசிய ஆய்வாளர்களும் பிரேசில் நாட்டுக் கலைஞர் சிசரோ மொராயசும் 2023இல் அவளுக்கு ஒரு முகம் கொடுத்தார்கள். கீழடியின் இடுகாடான கொந்தகையில் தாழிகளுக்குள் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளுக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் முயற்சியில், இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகம் 2025இல் முகம் அமைத்தது. மூக்கின் எலும்பும் தாடையும் பற்களும் இருந்தால்தான் இது நடக்கும்; தோல் நிறமும் முடியும் அப்போதும் ஊகமே. சரளை மண்ணில் கரைந்துபோன கல்வட்டத்து மக்களுக்கு அந்த வழி அடைபட்டது. அவர்களைப் பற்றி அறிய, முன்பு தூக்கி எறிந்த மண்ணையே இப்போது சலித்தும் அலசியும் எடுத்துவைக்கிறார்கள்: சாடியின் அடியில் படிந்த உணவின் கொழுப்பு, நெல் உமி, பல்லின் எனாமல். எலும்பெல்லாம் கரைந்த பிறகும் பல்லின் எனாமல் நிலைத்திருக்கும். அதில் பதிந்துள்ள ஓரிடத்தனிமங்களின் விகிதத்தைக் கொண்டு, அங்கே அடக்கமானவர் குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீர் அதே ஊர்த் தண்ணீரா, வேறு நிலத்ததா என்று கண்டுபிடிக்க முடியும்.